வெள்ளம் வருமுன் மஹல்லா விழிக்கட்டும்!

(திருச்சியில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. புதுச்சேரிப் பகுதியில் நல்லவாடு என்று ஒரு மீனவக் கிராமம். அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்தார். தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்தவர் உடனே ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு தகவல் மையத்தை அமைத்திருந்தது. அந்த மையத்தின் ஒலிபெருக்கியில் ஊரார் அறிவிப்புச் செய்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினார்கள்.

அன்று வாட்ஸ்அப் பிறக்கவே இல்லை. ஒரே ஒரு தொலைபேசி அழைப்புதான்! ஆனால், சொன்னவர் யார் என்பது ஊருக்குத் தெரியும். கேட்டவர்கள் தயங்காமல் செயலில் இறங்கினார்கள். கடைசி வீடு வரை சொல்ல ஒரு ஒலிபெருக்கி தயாராக இருந்தது. இந்த மூன்றும் இன்று நம் மஹல்லாவில் இருக்கின்றனவா? இதை உங்களிடம் கேட்கவே வந்திருக்கிறேன்.

இன்று எல்லோர் கையிலும் கைபேசி இருக்கிறது. அதனால் வந்த நன்மையை மறுக்க முடியாது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாற்றின் கரைகள் மூழ்கின. எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, எங்கே சோறு கிடைக்கிறது, யார் வீட்டில் தங்க இடம் உண்டு என்று ட்விட்டரிலும் முகநூலிலும் பட்டியல் போட்டு உதவியவர்கள் பெரும்பாலும் இளைஞர்களே. பள்ளிவாசல்கள் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டன.

அதே வெள்ளத்தின்போது முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற வதந்தியும் பரவியது. நாசாவின் பெயரைச் சொல்லிப் பெருமழைப் புரளி ஒன்றும் பரவியது. இரண்டும் பொய்! உதவி போய்ச் சேர்ந்த பிறகும் பழைய கோரிக்கைகள் சுற்றிக்கொண்டே இருந்தன. முடிந்துபோன கோரிக்கையைத் தேடி ஒரு படகு போனால், உண்மையிலேயே தவிப்பவருக்கு அந்தப் படகு இல்லை என்றுதானே பொருள்?

வதந்தி ஆளையே கொல்லும் என்பதற்கும் நம் மாநிலத்திலேயே சாட்சி உண்டு. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் செய்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியைக் கூட்டம் அடித்தே கொன்றது. அந்தச் செய்தியை அனுப்பியவர்கள் எல்லோரும் கொலைகாரர்களா? இல்லை. 'எதற்கும் நாலு பேருக்குச் சொல்லி வைப்போம்' என்று நினைத்தவர்கள்தாம் அவர்களில் பெரும்பாலோர். கேட்டதையெல்லாம் பரப்பாதே, தீர விசாரி என்று ஜும்ஆ மேடைகளில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பாடம் கைபேசிக்கும் பொருந்தும்.

இனி நம் ஊருக்கு வருவோம். 2018 ஆகஸ்ட் மாதம் மேட்டூர் நிரம்பி, காவிரியும் கொள்ளிடமும் கரைபுரண்டு ஓடின. 18ஆம் தேதி இரவு, 1928ல் கட்டப்பட்ட கொள்ளிடம் பழைய பாலத்தின் தூண்கள் சரிந்தன. போக்குவரத்து ஏற்கனவே புதிய பாலத்துக்கு மாறியிருந்ததால் தப்பித்தோம். நான்கே நாட்களில், 22ஆம் தேதி இரவு, முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் உடைந்தன. மொத்தம் ஒன்பது மதகுகள் போயின.

'முக்கொம்பு உடைந்தது' என்ற இரண்டே சொற்கள் நள்ளிரவில் கைபேசிக்கு வந்தால், இரண்டு ஆறுகளுக்கு நடுவே தீவாக இருக்கும் ஸ்ரீரங்கத்து மக்களின் நிலை என்ன? உடைந்தது எந்தப் பக்கம் என்று தெரிந்தால் பாதி அச்சம் தீரும். கொள்ளிடம்தான் வெள்ளத்தை வடித்துக் கடலுக்குக் கொண்டுபோகும் ஆறு. அந்தப் பக்கம் மதகு போனால் கொள்ளிடக் கரையோரத்தில் இருப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். காவிரிப் பாசனத்துக்குத் தண்ணீரைத் தேக்கித் திருப்புவதும் கடினமாகும். அதற்காகத் திருச்சி நகரம் மூழ்கப்போகிறது என்று ஓட வேண்டியதில்லை!

நம் ஊருக்கு வெள்ளம் இரண்டு வழியில் வரும். தென்மேற்குப் பருவமழையில் காவிரி பெருகும். மேட்டூரில் திறந்த நீர் இங்கே வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். ஆகவே முன்னறிவிப்புக்கு அவகாசம் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் கோரையாறும் குடமுருட்டியும் பெருகும். ஓரிரவு மழையே போதும், அவகாசம் குறைவு. 1977 நவம்பர் புயலில் நகருக்குள் வெள்ளம் புகுந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2005லும் பார்த்தோம்.

ஆகவே ஒவ்வொரு மஹல்லாவும் நான்கு காரியங்களைச் செய்ய வேண்டும்.

முதலாவது, பட்டியல். தனியாக இருக்கும் முதியவர்கள், கர்ப்பிணிகள், படுக்கையில் இருப்பவர்கள் யார்? மாடி வீடு யாருக்கு உண்டு? ஜெனரேட்டர், கயிறு, லாரி யாரிடம் இருக்கிறது? தெருவில் இருக்கும் அத்தனை வீடுகளையும் எழுதுங்கள். வெள்ளம் மதம் பார்த்து வருவதில்லை. பட்டியலைக் காகிதத்தில் எழுதிப் பள்ளிவாசலில் வையுங்கள். மின்சாரம் போனால் கைபேசியும் சில மணி நேரத்தில் அணைந்துவிடும். அந்தப் பட்டியலை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். தனியாக இருக்கும் மூதாட்டியின் முகவரி ஊருக்கெல்லாம் தெரியக் கூடாது.

இரண்டாவது, அறிவிப்புக்கென்றே ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் மூன்று அல்லது நான்கு பொறுப்பாளர்கள் மட்டுமே எழுத வேண்டும். எந்த இடம், எந்த நேரம், யார் சொன்னது என்ற மூன்றும் இல்லாத செய்தியைப் போடக் கூடாது. உதவி சேர்ந்ததும் 'முடிந்தது' என்று எழுத வேண்டும்.

மூன்றாவது, ஒலிபெருக்கி. அதற்கு பேட்டரி தயாராக இருக்கட்டும். யார் அறிவிப்பது என்று முத்தவல்லியும் இமாமும் முன்பே முடிவு செய்யட்டும். பக்கத்துக் கோயில், தேவாலய நிர்வாகிகளின் எண்களும் கையில் இருக்கட்டும்.

நான்காவது, அரசின் தொடர்பு. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. அவசர உதவிக்கு 112. அரசின் பேரிடர் எச்சரிக்கைச் செயலியைப் பதிவிறக்கம் செய்துகொள்ளுங்கள். அணையில் எவ்வளவு நீர் திறக்கிறார்கள் என்பதை அதிகாரிகளின் அறிவிப்பிலிருந்து மட்டுமே சொல்லுங்கள்.

வணிகப் பெருமக்களே! 2016 நவம்பரில் வடமாநிலங்களில் உப்புத் தட்டுப்பாடு என்ற புரளி கிளம்பியது. உப்பு கிடங்கில் இருந்தது, ஆனாலும் மக்கள் கடைகளில் முட்டி மோதினார்கள். வெள்ளக் காலத்தில் காந்தி மார்க்கெட்டில் ஒரு வார்த்தை தவறினால் நகரம் முழுவதும் விலை ஏறும். 'சரக்கு இருக்கிறது, இன்ன விலை' என்று நீங்கள் எழுதிப் போடும் ஒரு பலகை, நூறு வதந்திகளை அடக்கும். தாழ்வான இடத்தில் கிடங்கு வைத்திருப்பவர்கள் கணக்குப் புத்தகத்தையும் சரக்கையும் மேலே ஏற்ற இன்றே இடம் பாருங்கள்.

இளைஞர்களே! ஆறு பெருகினால் பாலத்தில் நின்று செல்ஃபி எடுக்கும் கூட்டத்தில் நீங்கள் இருக்காதீர்கள். மீட்பு வண்டிக்கு வழி விடுவதும் ஒரு சேவைதான்.

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பத்து நிமிடம் உட்காருங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் போதும். முதல் பக்கத்தில், உங்கள் தெருவில் மாடி ஏற முடியாதவர்களின் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவரைத் தூக்கிச் செல்லப்போகும் இரண்டு இளைஞர்களின் பெயர்களையும் எழுதுங்கள்.