பிரேக் பிடிக்கும் ரயில் தரும் மின்சாரம்



விடியுமுன் சைக்கிளில் பெரட்டுக்குப் போன அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. சக்கரத்தோடு டைனமோவைச் சேர்த்ததும் விளக்கு எரியும். ஆனால் மிதிப்பது கொஞ்சம் கனக்கும். ஏன்? விளக்குக்கான மின்சாரம் சக்கரத்தின் ஓட்டத்திலிருந்துதான் வருகிறது. எடுப்பவன் ஒருவன் இருந்தால் கொடுப்பவனுக்குப் பாரம் கூடத்தானே செய்யும்! மின்சார ரயிலை நிறுத்துவதிலும் இதே தத்துவத்தைத்தான் பயன்படுத்துகிறோம்.

சிங்கப்பூரில் 1987-ஆம் ஆண்டு முதலும், கோலாலம்பூரில் கிளானா ஜெயா தடத்தில் 1998-ஆம் ஆண்டு முதலும் ஓடுகின்ற நகர ரயில்கள், தண்டவாளத்தின் அருகிலுள்ள மின்தடத்திலிருந்து 750 வோல்ட் நேர் மின்சாரத்தைப் பெறுகின்றன. இத்தகைய ரயில் ஒன்று 200 டன் எடையுடன் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வருவதாக வைத்துக்கொள்வோம். அந்த ஓட்டத்தில் அடங்கியுள்ள சக்தி ஏறக்குறைய 11 யூனிட். 10 வாட் விளக்குகள் நூற்றை 11 மணி நேரம் எரிக்க அது போதும். சாதாரண பிரேக்கைப் பிடித்தால் அவ்வளவும் வெறும் சூடாகிப் போய்விடும். மேட்டிலிருந்து இறங்கும் லோரியின் பிரேக் தீய்ந்து நாறுவது இந்தச் சூட்டினால்தான்.

ஆகவே, நிறுத்தும்போது ரயிலின் மோட்டாரையே டைனமோவாக மாற்றுகிறார்கள். வேகம் குறைகிறது, மின்சாரம் பிறக்கிறது. அதில் ஒரு பகுதி வழியில் இழப்பாகிவிடும். மீதியை யார் எடுத்துக்கொள்வது? அங்கேதான் சிக்கல்.

அதே நேரத்தில் பக்கத்தில் இன்னொரு ரயில் புறப்பட்டால், அது அந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். எந்த ரயிலும் இல்லையென்றால்? சாதாரணத் துணை மின்நிலையம், ஒருவழிக் கதவு போல, மின்சாரத்தை ரயிலுக்குத் தருமேயன்றித் திரும்ப வாங்காது. தடத்தில் வோல்ட் அளவு ஏறிக்கொண்டே போகும். 750 வோல்ட் தடத்திற்குப் பொதுவாக வகுத்துள்ள எல்லை 900 வோல்ட். அதை எட்டுமுன் ரயில் மின்சாரம் அனுப்புவதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மிஞ்சியது மின்தடைகளில் சூடாகும். அல்லது சாதாரண பிரேக் அந்த வேலையை ஏற்கும். மின்சாரம் சேமிக்கப்பட்டாலும் படாவிட்டாலும், ரயில் நிற்க வேண்டிய இடத்தில் நின்றாக வேண்டும். உள்ளே இருப்பவை மனித உயிர்கள் அல்லவா!

இதனால் பொறியாளர்கள் ரயில் பாதை முழுவதையும் முதலில் கணினியில் ஓட்டிப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு விநாடியும் எந்த ரயில் எங்கே இருக்கிறது, எவ்வளவு மின்சாரம் கேட்கிறது, எவ்வளவு தருகிறது, இடையில் எவ்வளவு இழப்பு என்று கணக்கிடுகிறார்கள். வோல்ட் மாறினால் மின்னோட்டம் மாறும். மின்னோட்டம் மாறினால் வோல்ட் மாறும். இரண்டும் ஒத்துப்போகும் வரை கணக்கைத் திரும்பத் திரும்பப் போடவேண்டும்.

அதன் பயன் என்ன? ஒரு ரயில் நிற்கும் நேரத்தில் இன்னொன்று புறப்படுமாறு நேர அட்டவணையைச் சற்றே மாற்றலாம். சேமிப்பு மின்கலத்தை எந்த நிலையத்தில் வைத்தால் நன்மை என்று அறியலாம். கணக்குத் தவறினால், பெரும் பணம் போட்டு வாங்கிய மின்கலம் வேலையின்றிக் கிடக்கும். அந்தச் செலவும் கடைசியில் பொதுமக்கள் தலையில்தானே விழும்?

பெற்றோர்களே, பிள்ளைகள் பள்ளியில் போடும் கணக்கு எதற்கு உதவும் என்று கேட்டால், இந்த ரயிலைக் காட்டுங்கள். வீட்டில் பழைய சைக்கிள் டைனமோ இருந்தால், அதையும் சுழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பாடம் அவர்கள் கைக்கே புரியும்.