விலை கொடுத்து வாங்கிய உரிமை



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், சுமார் 900 வருஷங்களுக்கு முன் பிரான்சு தேசத்தில் லான் என்னும் பட்டணத்தில் நடந்த ஒரு சங்கதியாகும். எங்கேயோ இருக்கிற ஊரில் என்றைக்கோ நடந்ததைப் பற்றி நமக்கென்ன என்று உங்களில் சிலர் கேட்கலாம். கேட்பது நியாயமேயாகும். சரித்திரம் என்று நாம் படித்ததெல்லாம் எந்த ராஜா எந்த ராஜாவை ஜெயித்தான், யார் யாருக்குப் பட்டம் கட்டினான் என்பதல்லாமல் வேறென்ன? செருப்புத் தைக்கிறவனும், சத்திரம் நடத்துகிறவனும், சந்தையில் சாமான் விற்கிறவனும் ஒன்றுகூடி, இனி எங்கள் காரியத்தை நாங்களே பார்த்துக் கொள்ளுகிறோம் என்று சொன்ன சரித்திரத்தை நமக்குச் சொல்லிக் கொடுப்பவர் அபூர்வம். ஆதலால்தான் அதைச் சொல்ல வந்தோம்.

லான் என்பது பாரிசு நகரத்துக்கு வடகிழக்கே சுமார் 130 கிலோமீட்டர் தூரத்தில், சமவெளியின் நடுவே நிற்கும் ஒரு குன்றின்மேல் அமைந்த ஊர். அக்காலத்தில் அவ்வூருக்குப் பிஷப் என்னும் தலைமைக் குருவே எஜமானனுமாவார். பூஜை நடத்துவதும் அவர்தான். வரி வாங்குவதும் அவர்தான். தண்டனை விதிப்பதும் அவர்தான். மோட்சத்துக்குச் சாவியும் ஊர்க் கோட்டைக்குச் சாவியும் ஒரே இடுப்பில் தொங்கினால் ஜனங்களின் கதி என்னவாகும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

11-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதே லான் நகரத்தில் அடல்பெரோன் என்று ஒரு பிஷப் இருந்தார். அவர் ராஜாவுக்கு ஒரு பாட்டு எழுதி, அதில் மனிதர்களை மூன்று வகுப்பாகப் பிரித்து வைத்தார். ஜெபம் செய்கிறவர்கள் ஒரு வகுப்பு. சண்டை செய்கிறவர்கள் ஒரு வகுப்பு. பாடுபடுகிறவர்கள் ஒரு வகுப்பு. இதுதான் உலக ஒழுங்கு என்றும், இது குலைந்தால் உலகமே குலையும் என்றும் அவர் கருத்து. இந்தப் பேச்சு நம் காதுக்குப் புதிதல்ல. பிரித்தவர் எந்த வகுப்பில் தம்மை வைத்துக் கொண்டார் என்பதையும் நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

மூன்றாம் வகுப்பாரின் நிலைமை எப்படியிருந்தது? பண்ணையடிமையாகப் பிறந்தவன் தலைவரி கொடுக்க வேண்டும். அதற்கு மேலும் எஜமானன் நினைத்தபோது நினைத்த தொகையைக் கேட்பான். அவன் செத்தால் அவனுடைய சொத்து பிள்ளைக்குப் போகாமல் எஜமானனுக்குப் போவதுண்டு. இதற்குச் 'செத்தவன் கை' என்று பெயர். வேறு எஜமானனுடைய ஆள்களில் பெண் கொண்டாலோ அதற்கும் அனுமதியும் பணமும் வேண்டும். அதாவது சம்பாதிப்பதும், சாவதும், கலியாணம் செய்துகொள்வதும் எல்லாம் இன்னொருவனுடைய இஷ்டம்.

இந்த நிலையில்தான் அந்தப் பிரதேசத்துப் பட்டணங்களில் 'கம்யூன்' என்று ஒன்று தோன்றியது. கம்யூன் என்றால் என்ன? ஊரார் ஒருவருக்கொருவர் செய்து கொள்ளும் சத்தியமே கம்யூன். அதற்கு முன்னும் உலகத்தில் சத்தியம் இல்லாமலில்லை. ஆனால் அது அடிமை எஜமானனுக்கும், சிறியவன் பெரியவனுக்கும் செய்வது. இதுவோ சமமானவர்கள் சமமானவர்களுக்குச் செய்தது. ஒருவனுக்கு வந்த தீங்கு எல்லோருக்கும் வந்ததாகும் என்பதும், கொடுக்க வேண்டிய வரி இவ்வளவுதான், குற்றத்துக்குத் தண்டம் இவ்வளவுதான் என்பதும் அதன் சாரம். வரியே கொடுக்க மாட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை. கணக்கில்லாமல் பிடுங்காதே என்றுதான் சொன்னார்கள். இதற்கே குருமார்கள் உலகம் அழிந்துவிட்டதாக அலறினார்கள்.

லான் நகரத்தில் அப்போது கோத்ரி என்பவர் பிஷப். இவர் இங்கிலாந்து ராஜா முதலாம் ஹென்றியிடம் மந்திரியாயிருந்தவர். 1106-இல் நடந்த தின்ஷெப்ரே சண்டையில் எதிரிப் பிரபுவைப் பிடித்த வீரர் என்றும் சொல்லப்படுபவர். வேட்டையிலும் சண்டையிலும் பிரியமுள்ள இவருக்குப் பிஷப் பட்டம் கிடைத்தது. இவர் காலத்தில் ஊர் நாணயம் கெட்டது. சந்தைக்கு வந்த குடியானவர்களுக்குப் பத்திரமில்லை. ஊராரிலும் யோக்கியமில்லாதவர்கள் இருந்தார்கள். தானியப் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கச் சொல்லிக் குடியானவனை உள்ளே தள்ளி மூடிவிட்டு, பணம் கொடுத்தால்தான் திறப்போம் என்ற ஆசாமிகளும் இருந்தார்களாம். மேலே சட்டமில்லாவிட்டால் கீழேயும் இப்படித்தான் ஆகும்.

பிஷப் இங்கிலாந்துக்குப் போயிருந்த சமயம், ஊரிலிருந்த குருமார்களுக்கும் பிரபுக்களுக்கும் பணமுடை வந்தது. பணம் கொடுத்தால் கம்யூன் வைத்துக்கொள்ள இணங்குவதாக அவர்கள் ஜனங்களிடம் சொன்னார்கள். ஜனங்கள் கொடுத்தார்கள். திரும்பி வந்த பிஷப் முதலில் கோபித்துக் கொண்டார். பிறகு பொன்னையும் வெள்ளியையும் கண்டதும் கோபம் தணிந்து, கம்யூனை மதிப்பதாகச் சத்தியமும் செய்தார். ஆறாம் லூயி ராஜாவும் தமக்குரியதை வாங்கிக்கொண்டு ஒப்புக் கொண்டார். இப்படி மூன்று இடத்தில் மூன்று விலை கொடுத்து ஊரார் தங்கள் உரிமையை வாங்கினார்கள்.

அது எத்தனை நாள் நின்றது? 1112-ஆம் வருஷம் ஈஸ்டர் பண்டிகைக்கு ராஜா லான் நகரத்துக்கு வந்தார். கம்யூனை ஒழித்துவிட வேண்டும் என்று பிஷப் அவரைக் கேட்டார். சங்கதி தெரிந்த ஊரார், அதை ஒழிக்காமலிருக்க 400 பவுன் வெள்ளி தருவதாகச் சொன்னார்கள். ஒழிப்பதற்கு 700 பவுன் தருவதாகப் பிஷப் சொன்னார். 700 பெரிதா, 400 பெரிதா? ராஜாவுக்குக் கணக்குத் தெரியும். கம்யூன் ஒழிந்தது. செய்த சத்தியம் என்னவாயிற்று என்கிறீர்களா? பாவத்தை மன்னிக்கும் அதிகாரம் உடையவரே பிஷப்தானே! தாம் செய்த சத்தியத்தையும் ராஜா செய்த சத்தியத்தையும் அவரே தமது அதிகாரத்தால் செல்லாததாக்கிவிட்டார். கடவுள் பேரால் செய்த சத்தியத்தை, அந்தக் கடவுளின் ஏஜெண்டு ஒரு வார்த்தையில் அவிழ்த்துவிட முடியுமானால், அது யாரைக் கட்டுவதற்கு ஏற்பட்டது? ஏழையைக் கட்டுவதற்கு மாத்திரமேயல்லவா? காரியம் முடிந்ததும் ராஜா விடியுமுன்னே ஊரை விட்டுப் போய்விட்டார்.

இதோடும் நிற்கவில்லை. அந்த 700 பவுனுக்கு எங்கே போவது? கம்யூனை ஏற்படுத்த எவனெவன் எவ்வளவு கொடுத்தானோ, அதை ஒழிப்பதற்கும் அவனவன் அவ்வளவு கொடுக்க வேண்டுமென்று பிஷப் முடிவு செய்தார். தூக்குக் கயிற்றுக்குக் குற்றவாளியிடமே விலை கேட்பது போன்ற இந்த யோசனை வெளியானவுடன், செருப்புத் தைப்பவர்கள் கடையை மூடினார்கள். சத்திரக்காரர்கள் விற்பதை நிறுத்தினார்கள். அபாயம் வருகிறதென்று பிஷப்பை எச்சரித்தவர்களும் உண்டு. இந்த ஜனங்களா தம்மை என்ன செய்துவிட முடியும் என்று அவர் அலட்சியமாயிருந்தார்.

ஏப்ரல் 25-ந் தேதி 'கம்யூன், கம்யூன்' என்ற கூச்சலோடு ஊரார் பிஷப்பின் மாளிகையில் புகுந்தார்கள். பிஷப் ஒரு வேலைக்காரனுடைய உடுப்பை மாட்டிக்கொண்டு நிலவறையில் ஒரு பீப்பாய்க்குள் ஒளிந்தார். தேடிப் பிடித்தவன் தெதகோ என்ற ஒரு மடத்துப் பண்ணையடிமை. அவனைப் பிஷப் ஓநாய்ப் பெயர் சொல்லிக் கேலி செய்வது வழக்கமாம். பிஷப் கொல்லப்பட்டார். தீப்பிடித்து ஊரின் ஒரு பகுதியும் பெரிய கோயிலும் எரிந்தன.

தோழர்களே! கொலையை நாம் புகழ வரவில்லை. அதனால் ஊராருக்கு யாதொரு லாபமும் ஏற்படவில்லை என்பதையும் மறைக்கவில்லை. பயந்த ஜனங்கள் தோமா தெ மார்ல் என்ற ஒரு கொடுங்கோல் பிரபுவிடம் போய் அடைக்கலம் புகுந்தார்கள். ஆளில்லாத ஊரைச் சுற்றுக் கிராமத்தார் வந்து கொள்ளையடித்தார்கள். தானியப் பெட்டிக்குள் தள்ளப்பட்ட குடியானவன் வேறென்ன செய்வான்? பட்டணத்துப் பாட்டாளி கிராமத்துப் பாட்டாளியைத் தன் சத்தியத்துக்கு வெளியே வைத்திருந்தான். அதன் பலனை அன்று அனுபவித்தான். பிரபுக்களும் திரும்பி வந்து பழி வாங்கினார்கள். தெதகோவும் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டான்.

நிற்க. எரிந்த கோயிலைக் கட்டப் பணம் வேண்டுமே! குருமார்கள் மேரி மாதாவினுடையவை என்று சொல்லப்பட்ட புனிதப் பொருள்களை எடுத்துக்கொண்டு பிரான்சிலும், 1113-இல் இங்கிலாந்திலும் ஊர் ஊராகச் சுற்றிக் காணிக்கை வாங்கினார்கள். 1114-இல் கோயில் மறுபடி பிரதிஷ்டையாயிற்று. அந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் அதையும் மாற்றி இப்போதுள்ள பெரிய கோயிலைக் கட்டத் தொடங்கினார்கள். அதன் கோபுரங்களில் 16 மாடுகளின் சிலைகள் நிற்கின்றன. குன்றின்மேல் கல் இழுத்த மாடுகளுக்கு மரியாதையாக வைத்தவை என்று சொல்லப்படுகின்றது. மாட்டுக்கு மரியாதை செய்ததை நாம் குறை சொல்லவில்லை. கல் உடைத்தவனுக்கும் காசு கொடுத்தவனுக்கும் அந்தக் கோபுரத்தில் இடம் எங்கே என்று மாத்திரம் கேட்கிறோம்.

இவ்வளவையும் நமக்கு எழுதி வைத்தவர் கிபேர் என்ற ஒரு மடாதிபதி. நோஷான் மடத்துத் தலைவரான இவர் சாமானிய ஆளல்ல. ஒரே ஞானியின் தலை இரண்டு ஊரில் இருப்பதாகச் சொல்லுகிறார்களே, அவருக்கு இரண்டு தலையா என்று கேட்டவர். ஒரு பெரிய கோயிலைச் சேர்ந்த பிரசங்கி, ஏசுநாதர் மென்ற ரொட்டித்துண்டு இந்தப் பெட்டியில் இருக்கிறதென்று கூட்டத்தில் சொல்லிக் காசு வசூலித்ததைக் கண்டு வெட்கப்பட்டவர். பிஷப் கோத்ரியின் அக்கிரமங்களையும் அவரே விவரமாக எழுதியிருக்கிறார். ஆனால் கம்யூன் என்ற பேச்சு வந்தவுடன் அந்த வார்த்தையே அவருக்கு வெறுப்பாயிருந்தது! பொய்த் தலையைக் கண்டுபிடிக்க அவர் புத்தி வேலை செய்தது. பண்ணையடிமையும் மனிதன் என்று காண்கிற இடத்தில் அதே புத்தி தூங்கிவிட்டது. தோழர்களே! இதை நாம் நன்றாகக் கவனிக்க வேண்டும். புரட்டைப் பரிகசிப்பது மாத்திரம் பகுத்தறிவாகிவிடாது. பிறவியினால் உயர்வு தாழ்வு இல்லை என்கிற இடத்துக்கு வந்து சேராத பகுத்தறிவு பாதி வழியில் படுத்துக் கொண்ட பகுத்தறிவேயாகும்.

கடைசியில் என்னவாயிற்று? 1128-இல் அதே ஆறாம் லூயி ராஜா லான் ஊராருக்கு மறுபடி ஒரு பட்டயம் கொடுத்தார். கம்யூன் என்ற பெயர் கசந்ததால், 'சமாதான ஏற்பாடு' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் உள்ளே இருந்த விஷயம் ஊரார் கேட்டதுதான். வரிக்கு வரம்பு ஏற்பட்டது. 'செத்தவன் கை' ஒழிந்தது. கலியாணத்துக்கு இருந்த தடையும் தளர்ந்தது. கோயில்களையும் பிரபுக்களையும் சேர்ந்த அடிமைகளுக்கு மாத்திரம் அந்தத் தளர்வு முழுவதும் கிட்டவில்லை. 16 வருஷம் அடிபட்டும் ஊரார் கேட்பதை விடவில்லை. அதனால்தான் கிடைத்தது. அந்தப் பட்டயமும் 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ராஜாக்களால் பறிக்கப்பட்டது. பிரபுக்களின் விசேஷ உரிமைகள் பிரான்சு முழுவதும் ஒழிவதாகத் தீர்மானமாக 1789 ஆகஸ்டு 4-ந் தேதி இரவு வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் புரட்சியில் லான் நகரத்துப் பிஷப் பதவியே எடுபட்டுப் போயிற்று.

ஆகவே தோழர்களே! இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். மேலே இருப்பவனிடம் விலை கொடுத்து வாங்கிய உரிமையை, அதிக விலை கொடுக்கிறவனுக்கு அவன் மறுநாளே விற்றுவிடுவான். மதத்தின் பேரால் அவன் செய்யும் சத்தியத்தை மதமே அவிழ்த்துவிடும். லான் ஊராரிடம் நிலைத்து நின்றது, அவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட கட்டுப்பாடு ஒன்றே. அந்தக் கட்டுக்கு வெளியே கிராமத்தானையும் அடிமையையும் நிறுத்திய இடத்தில்தான் அது அறுந்தது. ஆதலால் சமத்துவம் கேட்கிறவர்கள், தங்களுக்குக் கீழே ஒருவனை வைத்துக்கொண்டு தங்களுக்கு மேலே ஒருவன் கூடாதென்று கேட்பதில் பிரயோஜனமில்லை என்பதைச் சொல்லி இதை முடித்துக் கொள்ளுகிறோம்.