தலைவலி மாத்திரையே தலைவலியானால்...
(கிள்ளானில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பொழுது விடியுமுன் பெரட்டுக்கு நின்று பால்வெட்டப் போகிறவருக்குத் தலைவலி புதிதல்ல. கணக்குப் புத்தகத்தின் மேல் குனிந்திருக்கும் கிராணிக்கும் புதிதல்ல. ஒரு நாள் நின்றால் சம்பளம் போய்விடுமே என்று அஞ்சி, கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் மருந்துச் சீட்டில்லாமல் விற்கும் மாத்திரை இரண்டை விழுங்கிவிட்டு வேலைக்குக் கிளம்புகிறோம். அது நல்ல மருந்துதான். ஆனால் முறை தவறினால் மூளையையும் நரம்பையும் தாக்கும்.

முதலாவது, பலருக்கும் வரக்கூடியது. தலைவலிக்காரர் பாரசிட்டமால் போன்ற மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து தின்றால், மாத்திரையே தலைவலியை வளர்க்கும். காஃபீன், கோடீன் கலந்த மாத்திரைக்கு 10 நாளே போதும். மருந்தின் வேகம் தணிந்ததும் வலி திரும்பும், மறுபடியும் மாத்திரை. இது கடனை அடைக்கக் கடன் வாங்கும் கதை! டாக்டர் சொற்படி நிறுத்தினால், சில நாள் வலி கூடினாலும் பிறகு பெரும்பாலோருக்குக் குறையும்.

இரண்டாவது, மிக அபூர்வமானது, ஆனால் கொடியது. சளிக்காய்ச்சலோ அம்மையோ கண்ட குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால், சில வேளைகளில் ஓயாத வாந்தி, மயக்கம், பிதற்றல், வலிப்பு உண்டாகும். ஈரல் கெட்டு மூளை வீங்கும். ஆஸ்திரேலியாவில் டாக்டர் ரை 1963-இல் இந்நோயை விவரித்தார். அமெரிக்காவில் 1980-இல் மட்டும் 555 பிள்ளைகளுக்கு இது கண்டது. ஆஸ்பிரின் கூடாதென்று மக்களுக்கு எச்சரித்த பிறகு, 1994 முதல் ஆண்டுக்கு இரண்டு பேருக்கு மேல் காணவில்லை. அறிவு பரவியதால் உயிர்கள் பிழைத்தன! ஆகவே டாக்டர் சொல்லாமல் 16 வயதுக்குட்பட்டவருக்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள்.

மூன்றாவதும் அபூர்வம். ஐபுபுரோபன் தின்ற சிலருக்குச் சில மணி நேரத்தில் காய்ச்சல், கடுந்தலைவலி, கழுத்து விறைப்பு வரும். கிருமியே இல்லாமல் மூளையுறை அழலும் நோய் இது. ஆனால் கிருமியால் வந்ததா இல்லையா என்பதை டாக்டரே சொல்ல முடியும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆஸ்பிரின் அதிகமானால் காதில் இரைச்சல் கேட்கும், அதுவும் எச்சரிக்கையே. டெங்குச் சந்தேகம் இருந்தால் இவ்விரண்டும் வேண்டாம், இரத்தக்கசிவு கூடும். பாரசிட்டமாலும் பெரியவருக்கு ஒரு நாளில் 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் கூடாது. மீறினால் ஈரல் கெடும். அதனால் அறிவும் தடுமாறும்.

திடீரென்று மண்டை பிளக்கும் வலி, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குளறல் கண்டால் மாத்திரை தேடி நேரம் கடத்தாமல் 999-ஐ அழையுங்கள்.

தோழர்களே, சம்பளப் பயத்தால் நோயை மறைக்க வேண்டாம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் டாக்டர் சான்றுக்குச் சம்பளத்துடன் விடுப்பு தருகிறது: இரண்டாண்டுக்குட்பட்ட சேவைக்கு வருடத்தில் 14 நாள், ஐந்தாண்டு வரை 18 நாள், அதற்கு மேல் 22 நாள், ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை. மறுத்தால் சங்கத்திடம் வாருங்கள். விடுப்பு சலுகையல்ல, உரிமை. நோய்க்கு மருந்து தின்போம். சம்பளப் பயத்துக்கு மாத்திரை தின்ன வேண்டாம்.