எடையும் உறுதியும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் ஆண்டுதோறும் இலக்கியம் வல்லாரும் சமயம் வல்லாரும் எழுந்தருளி நம் செவிக்கு விருந்தளித்துச் செல்கின்றனர். ரயில்வே பார்சல் அலுவலகத்தில் மூட்டைகளை நிறுத்துச் சீட்டு எழுதுகின்ற, மெட்ரிக் படிப்போடு பள்ளியை விட்டு வந்த எங்களைப் போன்றோர்க்கு அப்பெரும் பொருள்களைத் தொடும் தகுதி இல்லை. ஆகவே கைக்குப் பழகிய எடைக் கணக்கையே துணையாகக் கொண்டு பேசத் துணிந்தோம். பேச்சின் பொருள் மலைப்பாதையில் ஓடும் மிதிவண்டி. முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டுக்கும் ஸ்பிரிங் அமைந்த அவ்வண்டியை எவ்வளவு இலேசாக்கலாம், எந்த இடத்தில் கையை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதே கேள்வி.

இவ்வேலையில் ஈடுபட்டோர் மூவர். பார்சல் கணக்கர் ஒருவர். பெட்டிப் பராமரிப்புப் பணிமனையில் ஃபிட்டராக இருக்கும் நண்பர் ஒருவர். காலஞ்சென்ற எங்கள் தோழர் ஒருவரின் மகனாகிய கல்லூரி மாணவன் ஒருவன். தந்தை பணியில் இருக்கும்போதே நோய்வாய்ப்பட்டு மறைந்தார். தாயார் கருணை அடிப்படையில் கிடைத்த வேலையைக் கொண்டு மகனை வளர்த்து வருகிறார். பிள்ளைக்குப் புனேயைச் சூழ்ந்த சஹ்யாத்ரி மலைகளில் வண்டி ஓட்டுவதில் அடங்காத ஆசை. கடையில் ஆயத்தமாக விற்கும் பந்தய வண்டியின் விலையோ பல லட்சம். அம்மையார் சேர்த்து வைத்திருந்த 90,000 ரூபாயை எங்கள் முன் வைத்து, "அண்ணா, வண்டியின் எடை குறையட்டும், என் பிள்ளையின் எலும்பு முறியக் கூடாது. இரண்டுக்கும் நீங்களே பொறுப்பு" என்றார். அச்சொல்லை ஏற்றுக்கொண்ட நாள் முதல் எங்களுக்கு இது விளையாட்டாக இல்லை.

முதலில் இவ்வண்டி பிறந்த கதையைச் சுருங்கச் சொல்லுவோம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மரின் என்னும் மாவட்டம் உள்ளது. அங்கே டமல்பாயஸ் என்றொரு மலை. பெயரைக் கேட்டவுடன் நம் தமிழ் அங்கும் சென்றுவிட்டதோ என்று மகிழ வேண்டாம். அது அந்நாட்டுப் பழங்குடியினர் மொழியிலிருந்து வந்த பெயர். 1970களில் அங்கிருந்த இளைஞர் சிலர், தடித்த டயர் கொண்ட மிகப் பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலைச்சரிவில் மண்பாதை வழியே இறக்கி விளையாடினர். 1976 அக்டோபர் 21 அன்று அம்மலைப்பகுதியில் கடிகாரம் வைத்து முதற்போட்டி நடத்தினர். இறங்கும் வேகத்தில் பின்சக்கரத்தின் பிரேக் சூடேறி, அதனுள் இருந்த கிரீஸ் புகைந்து போகும். ஒவ்வொரு முறையும் புதிய கிரீஸை அடைக்க வேண்டியிருந்ததால் அப்பாதைக்கு 'ரீபேக்' என்றே பெயர் வழங்கலாயிற்று. அப்பழைய வண்டிகள் 20 கிலோவுக்கும் மேற்பட்டவை. மேலே ஏற்றுவதற்குள் மூச்சு வாங்கும். 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே தனியாகச் சட்டம் அமைத்தார். 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் டாம் ரிச்சி செய்த சட்டங்களைக்கொண்டு இவ்வண்டிகளை விற்கத் தொடங்கினர். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது பந்தயமாகவே இடம் பெற்றது.

ஸ்பிரிங் பின்னர் வந்ததே. பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்தால் எடை கூடும், மிதிக்கும் சக்தி ஸ்பிரிங்கில் வீணாகும் என்று பந்தயக்காரர் நெடுங்காலம் அஞ்சினர். இன்று அவ்வச்சம் பெரும்பாலும் நீங்கிவிட்டது. 2016இல் ரியோ நகரில் தங்கம் வென்ற நினோ ஷூர்ட்டரும், டோக்கியோவில் 2021இல் நடந்த போட்டியிலும் பாரிஸில் 2024இல் நடந்த போட்டியிலும் தங்கம் வென்ற டாம் பிட்காக்கும் இருபுறமும் ஸ்பிரிங் உள்ள வண்டியில் ஏறியே வென்றனர்.

ஸ்பிரிங்கின் தத்துவம் ரயில்வேயில் இருப்போர்க்குப் புதிதன்று. பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955இல் தொடங்கியது முதல் பல்லாண்டுகள் செய்து தந்த பெட்டிகளின் அடியில் நோக்குங்கள். அச்சுப்பெட்டியின் மேல் சுருள் ஸ்பிரிங் இருக்கும். அதன் நடுவே எண்ணெய் நிறைந்த குழல் ஒன்று இருக்கும். ஸ்பிரிங் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஆனால் வாங்கியதைத் திருப்பித் தந்து பெட்டியைத் துள்ளச் செய்வதும் அதுவே. எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கிப் புகுந்து அத்துள்ளலை அடக்குகிறது. மிதிவண்டியின் ஷாக் அப்சார்பரும் இவ்விரண்டும் சேர்ந்ததே. பந்தய வண்டியில் இரும்புச் சுருளுக்குப் பதிலாக அடைத்து வைத்த காற்றே ஸ்பிரிங்காகிறது. மும்பைப் புறநகர் மின்ரயிலில் கூட்டம் ஏற இறங்க எடை மாறுவதால் காற்று ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள் அல்லவா? இங்கும் ஓட்டுபவரின் எடைக்கேற்பக் காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். இரும்பின் எடையும் மிச்சம்.

இனி எங்கள் பேரேட்டுக்கு வருவோம். பெங்களூரில் ஒருவர் பயன்படுத்திய அலுமினியச் சட்டத்தையும் முன்போர்க்கையும் 52,000 ரூபாய்க்கு வாங்கினோம். கார்பன் சட்டமாயின் ஒரு கிலோவை நெருங்கிக் குறைந்திருக்கும். ஆனால் அம்மையார் தந்த தொகை முழுவதும் அதற்கே போதாது. தம்பியின் பழைய வண்டியிலிருந்த உதிரிகளை அச்சட்டத்தில் அப்படியே பூட்டினால் 13 கிலோ 800 கிராம் வரும் என்று கணக்கிட்டோம். அதிலிருந்து எங்கெங்கே குறைப்பது என்று ஆராய்ந்தோம்.

சக்கர இணையை மாற்றியதில் 400 கிராம். கம்பி விளிம்புள்ள டயரை விடுத்து மடங்கும் டயர் போட்டதில் 300 கிராம். டியூப் இரண்டையும் நீக்கி, டயருக்குள் ஓட்டையடைக்கும் பால் ஊற்றியதில் 200 கிராம். முன்னால் இருந்த இரண்டு பற்சக்கரங்களை ஒன்றாக்கி, அவற்றை மாற்றும் கருவியையும் கழற்றியதில் 400 கிராம். சீட்டில் 100 கிராம். ஆக மொத்தம் 1 கிலோ 400 கிராம். செலவு 33,000 ரூபாய். எஞ்சிய 5,000 ரூபாய் பேரிங்குகளுக்கும், ஷாக் அப்சார்பரைப் பிரித்துச் சுத்தம் செய்வதற்கும் சரியாகப் போயிற்று.

முடிந்த வண்டியின் கணக்கு இது. சட்டமும் ஷாக் அப்சார்பரும் 3,000 கிராம், முன்போர்க் 1,650, சக்கரம், டயர், பால் எல்லாம் 3,400, பெடல், செயின், பற்சக்கரம் முதலியன 2,160, பிரேக்குகள் 850, ஹேண்டில்பார், சீட், அவற்றின் தாங்கிகள், பிடிகள் 990, அச்சுகள், திருகுகள், குழல்கள் 350. கூட்டினால் 12 கிலோ 400 கிராம்.

இத்தனை பாடுபட்டதன் பயன் யாது என்று கேட்பீர்கள். தம்பியின் எடை 60 கிலோ. ஆளும் வண்டியுமாக ஏறக்குறைய 74 கிலோவில் 1 கிலோ 400 கிராம் குறைந்தால் நூற்றுக்கு இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஒரு மணி நேரம் ஏறும் செங்குத்தான ஏற்றத்தில் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் மிச்சமாகும், அவ்வளவே. சக்கரத்தின் ஓரத்தில் குறையும் எடைக்கு மட்டும் ஒரு தனிச்சிறப்பு உண்டு. அது முன்னே செல்வதோடு சுழலவும் வேண்டியிருப்பதால், வேகம் எடுக்கும்போது இரு மடங்காகக் கணக்கில் வரும். ஆகவேதான் டயரிலும் ரிம்மிலும் முதலில் கை வைத்தோம்.

அன்பர்களே! எடையைக் குறைப்பது ஒரு போதை. ஒரு கிராம் குறைந்தவன் பத்து கிராமுக்கு ஏங்குவான். அமெரிக்காவில் இத்துறையில் பெயர் பெற்ற கீத் பான்ட்ரேகர் கூறியதாக ஒரு மொழி வழங்குகிறது. உறுதி, இலேசு, மலிவு ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும் என்பது அதன் கருத்து. எங்களிடம் பணம் இல்லை. ஆகவே மலிவு முன்பே முடிவாகிவிட்டது. உறுதியா, இலேசா என்னும் கேள்வியே ஒவ்வொரு திருகிலும் எங்கள் முன் நின்றது.

அதற்கு ஃபிட்டர் நண்பர் வகுத்த விதியை இங்குள்ள இளைஞர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறோம். "உடைந்தால் நடக்க வைக்கும் பொருள் உண்டு, உடைந்தால் விழ வைக்கும் பொருள் உண்டு. முதல் வகையில் எடையைக் குறை, இரண்டாம் வகையில் கை வைக்காதே" என்றார். செயின் அறுந்தாலும், பற்சக்கரம் தேய்ந்தாலும், மெல்லிய டயர் பஞ்சரானாலும் பெரும்பாலும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு சேரலாம். பாரிஸ் ஒலிம்பிக்கில் பிட்காக் முன்சக்கரம் பஞ்சராகி, சக்கரத்தை மாற்றிக்கொண்டு, பின்தங்கிய பிறகும் தங்கம் வென்றார் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஆனால் ஹேண்டில்பாரும், அதைப் பற்றியிருக்கும் தாங்கியும், முன்போர்க்கின் தண்டும், பிரேக்கும் அத்தகையவை அல்ல. அவை முறிந்தால் முகந்தான் முதலில் தரையைத் தொடும்.

இவ்விதிக்குச் சோதனையும் வந்தது. தம்பி எங்கிருந்தோ பழைய கார்பன் ஹேண்டில்பார் ஒன்றை மலிவாகப் பெற்று வந்தான். எங்கள் தராசில் 190 கிராம். அலுமினியத்தில் இருந்ததோ 280. தொண்ணூறு கிராம் ஆதாயம் என்று துள்ளினான். ஃபிட்டர் நண்பர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு நாணயத்தால் நெடுகத் தட்டிக்கொண்டே வந்தார். நடுவில், தாங்கி இறுக்கிப் பிடிக்கும் இடத்தருகே, ஒலி மங்கியது. அங்கே மயிரிழை போன்ற கோடும் இருந்தது. "வெறும் கீறல், மாமா" என்றான் தம்பி. "இருக்கலாம். ரயில் அச்சுக்கு மீயொலிச் சோதனை செய்து, ஐயம் வந்தால் ஒதுக்கி வைக்கிறோம். அங்கே இருக்கலாம் என்று விட்டுவிட்டால் என்னாகும்?" என்றார் அவர். அலுமினியம் பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கை தரும்; உள்ளே பழுதுற்ற கார்பன் சொல்லாமலே முறியும். தம்பி இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தானே வந்து, அதை நடுவில் அறுத்துக் குப்பையில் இட்டான். பிறர் கையில் அது போய்ச் சேரலாகாது என்பது அவன் எண்ணம். அன்றுதான் அவன் மெக்கானிக் ஆனான் என்று நாங்கள் முடிவு செய்தோம்.

வண்டியைக் கட்டிய பின் ஸ்பிரிங்கைச் சரிசெய்வது தனி வேலை. எங்கள் ஷாக் அப்சார்பரின் தண்டு 40 மில்லிமீட்டர் அமுங்கும்; அதற்குப் பின்சக்கரம் 100 மில்லிமீட்டர் எழும். ஓட்டுபவன் அசையாமல் அமர்ந்தவுடன் தண்டு ஏறக்குறைய கால் பங்கு, அதாவது 10 மில்லிமீட்டர், அமுங்கியிருக்க வேண்டும். தண்டின் மேலுள்ள ரப்பர் வளையம் நகர்ந்த தூரத்தை அளந்து காற்றைக் கூட்டிக் குறைத்தோம். பிறகு நடைபாதை ஓரத்திலிருந்து அமர்ந்தபடியே இறங்கச் சொன்னோம். ஒரு முறை எழுந்து அடங்கினால் எண்ணெயின் அளவீடு சரி. இரண்டு மூன்று முறை குதித்தால் துள்ளலை இன்னும் அடக்க வேண்டும். திருகுகளை எல்லாம் குறித்த அளவுக்கே முறுக்க, டார்க் ரென்ச் என்னும் அளவு முறுக்கியைப் பயன்படுத்தினோம். கையின் உணர்ச்சி எவ்வளவு பழகியதாயினும் இங்கே அளவுதான் அதிகாரி.

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்தபின் மலைப்பகுதியில் நடந்த ஒரு போட்டியில் தம்பி கலந்துகொண்டான். நாற்பதுக்கு மேற்பட்டோரில் பதினோராவதாக வந்தான். இறக்கத்தில் ஈரப்பாறை ஒன்றில் வழுக்கி விழுந்தான். ஹேண்டில்பாரின் முனை பாறையில் மோதி ஆழமாகக் கீறி, சற்றே வளைந்தும் போயிற்று, முறியவில்லை. முழங்கையில் சிராய்ப்போடு எழுந்து ஓட்டி முடித்தான். மறுநாளே அதைக் கழற்றி எறிந்து புதியது பூட்டினோம். வளைந்த அலுமினியத்தையும் மறுபடி நம்பலாகாது. அம்மையார் வண்டியை ஒன்றும் கேட்கவில்லை. மகனின் முழங்கையை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சமைக்கச் சென்றார்.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். தம்பி இங்கேயே பிறந்து மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் படித்தவன். தமிழ் பேசுவான், எழுத வராது. எடைப் பேரேட்டைத் தமிழில்தான் எழுத வேண்டும் என்று நாங்கள் நிபந்தனை விதித்தோம். 'சக்கரம்', 'அச்சு', 'திருகு' என்று தொடங்கி, இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறான். பிழைகள் உண்டு; கூட்டல் மட்டும் பிழைப்பதில்லை.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோளோடு அமைகிறோம். ஓர் அளவு முறுக்கி, ஷாக் அப்சார்பருக்குக் காற்றடிக்கும் சிறு பம்பு, வண்டியை நிறுத்தி வைக்கும் தாங்கி, ஒரு தராசு ஆகிய நான்கையும் சங்கக் கட்டடத்தின் ஒரு மூலையில் வைக்க அனுமதி தாருங்கள். ஞாயிறுதோறும் காலையில் ஃபிட்டர் நண்பரும் நாங்களும் வருவோம். மலைவண்டியாயினும், அம்பத்தூரிலோ லூதியானாவிலோ செய்த சாதாரண சைக்கிளாயினும் கொண்டு வரலாம். பேரேடு மட்டும் தமிழில் இருக்கும்.