கையெழுத்துக்கு முன்னே கேள்வி



2009ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளில் 25 விழுக்காட்டு இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் சட்டம் என்ற அளவிலேயே ஊர்ப்புறத்தில் பெயர் பெற்றிருக்கிறது. ஆனால் அதன் 21ஆம் பிரிவு, ஒரு பள்ளியை மேற்பார்க்கும் பொறுப்பில் பெற்றோரையும் அமர்த்துகிறது என்பது பரவலாகப் பேசப்படாத செய்தியாகவே இருந்து வருகிறது. அப்பிரிவின்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அதன் உறுப்பினர்களுள் நான்கில் மூன்று பங்கினர் அப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவுகளைச் சேர்ந்த பெற்றோருக்கு அவர்களுடைய பிள்ளைகளின் எண்ணிக்கைக்கேற்ற இடம் கிடைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டில் இக்குழுக்கள் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டபோது 20 உறுப்பினர்களில் 15 பேர் பெற்றோராக இருந்தனர். 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்துக் குழு 24 பேராக விரிந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் இக்குழுவுக்கு ஆலோசனை கூறும் உரிமை மட்டுமே உண்டு. உதவி பெறாத தனியார் பள்ளிகளை இப்பிரிவு தொடுவதே இல்லை.

பள்ளிக்கும் ஊருக்கும் உள்ள உறவு தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், நிலமும் கட்டடமும் பெஞ்சும் கரும்பலகையும் ஊர் மக்கள் மனமுவந்து தந்தவை. பெற்றோர் ஆசிரியர் கழகமும் அந்த மரபின் வழியிலேயே நின்றது. அதன் பெருமையைக் குறைப்பதற்கில்லை. எனினும் அந்த மரபு பெற்றோரைக் கொடுப்பவராகப் போற்றிய அளவுக்குக் கேட்பவராகப் பழக்கவில்லை. சுற்றுச்சுவருக்கு நன்கொடை தந்தவரின் பெயர் கல்லில் பொறிக்கப்பட்டது; அச்சுவருக்கு ஆன செலவுக் கணக்கை ஊர் கேட்டுப் பார்க்கும் வழக்கம் வேரூன்றவில்லை. மேலாண்மைக் குழு வேறுபடுவது இங்கேதான்: ஏழைக் கூலியாளும் ஒரு ரூபாய் நன்கொடை தராமலே, பிள்ளையைச் சேர்த்திருக்கிறார் என்ற ஒரே தகுதியால் அதில் இடம் பெறுகிறார்.

அக்குழுவின் வேலைகள் எவை என்பதையும் சட்டமே கூறுகிறது. பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணித்தல், அரசிடமிருந்தும் பிறரிடமிருந்தும் வரும் மானியம் எவ்வாறு செலவாகிறது என்று பார்த்தல், பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரித்தல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. மேம்பாட்டுத் திட்டம் என்பது வரும் ஆண்டுகளில் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர், எத்தனை வகுப்பறை, என்னென்ன வசதி தேவை என்பதை எழுத்தில் வகுத்துக் காட்டும் ஆவணம். 22ஆம் பிரிவு அதையே அரசு ஒதுக்கும் நிதிக்கும் திட்டத்திற்கும் அடிப்படையாக்குகிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ், 101 முதல் 250 வரை மாணவர் பயிலும் பள்ளிக்கு ஆண்டு மானியமாக 50,000 ரூபாய் வகுக்கப்பட்டிருப்பதும், அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைக்குச் செலவிடப்பட வேண்டும் என்பதும் தெரிந்த பெற்றோர், கழிப்பறையைப் பற்றிக் கெஞ்சிக் கேட்க வேண்டிய தேவை இல்லை. ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டில் 200 நாளும், ஆறு முதல் எட்டு வரை 220 நாளும் பள்ளி நடைபெற வேண்டும் என்பதும், 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் இருக்க வேண்டும் என்பதும் சட்டத்தின் அட்டவணையிலேயே உள்ளன.

இவ்வளவு உரிமையும் நடைமுறையில் ஒரு குறிப்பேட்டில்தான் நிற்கிறது அல்லது விழுகிறது. அது தீர்மானப் பதிவேடு. ஒரு கூட்டத்தில் "கழிப்பறை வசதி மேம்படுத்தப்பட வேண்டும்" என்று எழுதினால் அதற்கு யாரும் பொறுப்பாவதில்லை. மறுமாதமும் அதே வரியை எழுதி, அதன்கீழ் அதே கையெழுத்துகளை வாங்கிவிடலாம். மாறாக, "பெண் பிள்ளைகள் கழிப்பறையின் இரண்டாம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, மானியத்திலிருந்து அதை இம்மாதம் 20ஆம் தேதிக்குள் பொருத்த வேண்டும், பொறுப்பு இன்னார்" என்று எழுதப்பட்டால், அடுத்த கூட்டத்தில் அந்தக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும். கூட்டம் முடிந்த பின் பிள்ளையிடம் பதிவேட்டைக் கொடுத்து வீட்டிலிருந்து கையெழுத்து வாங்கி வரச் சொல்வதும், எழுதப்படாத பக்கத்தின் அடியில் முன்கூட்டியே கையெழுத்திடுவதும் எந்தப் பள்ளியில் நடந்தாலும், அங்கே குழு இல்லை என்றே கொள்ள வேண்டும்.

திட்டக்குடி வட்டாரத்தில் வெள்ளாற்றங்கரை வயலிலும் மக்காச்சோளக் காட்டிலும் களையெடுப்பவர், நூறு நாள் வேலைக்குச் செல்பவர், விருத்தாசலத்தின் பீங்கான் பட்டறைகளில் அச்சு வார்ப்பவர் ஆகியோரைப் பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டத்திற்கு அழைப்பது, அரை நாள் கூலியை விட்டுவிட்டு வரச் சொல்வதற்கு ஒப்பாகும். வராத பெற்றோருக்கு அக்கறையில்லை என்று முடிவு கட்டுமுன், கூட்டத்தின் நேரத்தை முடிவு செய்தவர் யார் என்று கேட்பது நியாயம். மாலை ஆறு மணிக்கு மாற்ற முடிந்தால் பாதிச் சிக்கல் தீரும். அதற்கும் ஒரு தீர்மானம் போதும். அதுபோலவே, உறுப்பினர் அனைவரும் ஊர்த்தெருவிலிருந்தே வந்து, காலனிப் பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்கு அவர்தம் பெற்றோரின் குரல் இல்லாமற் போகுமானால், எண்ணிக்கை சரியாக இருந்தாலும் அக்குழு சட்டத்தின் கருத்துக்கு மாறானதே.

குழுவின் அதிகாரம் எதுவரை என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பள்ளி மன்றங்களில் ஆறு இடங்கள் பெற்றோருக்கு உரியவை. தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரமும் வரவுசெலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தரும் அதிகாரமும் அம்மன்றங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. தமிழ்நாட்டுக் குழுவுக்கு ஆசிரியரை அமர்த்தவோ மாற்றவோ அதிகாரமில்லை. இதைக் குறையாகக் கருதுவோர் உண்டு. ஆனால் சாதியும் கட்சியும் கலந்து கிடக்கும் ஊர்களில் ஆசிரியரின் வேலை உள்ளூர்ப் பெரும்பான்மையின் கையில் இருப்பது ஆபத்து என்பதால், அந்த அளவுக்கு இக்குறை நன்மையே. கற்பித்தல் ஆசிரியரின் துறை. பாடம் நடத்தும் முறையில் பெற்றோர் கை வைக்கக் கூடாது. பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோரிடம் ஆசிரியர் அவ்வப்போது கூட்டம் கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்று 24ஆம் பிரிவு விதித்திருப்பதை நினைவூட்டிக் கேட்பது கை வைப்பதாகாது.

பள்ளிக்குள் தீராதவற்றை வெளியே கொண்டு செல்லவும் வழியுண்டு. திட்டக்குடிச் சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் சனவரி 26, ஆகசுட்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களிலும் கிராம சபை கூடுகிறது. மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தை அங்கே வைத்து ஊரின் தீர்மானமாக்கலாம். திட்டக்குடி நகராட்சிக்குள் இருப்போர் வார்டு உறுப்பினரிடம் எழுத்தில் தரலாம். கணக்குக் கிடைக்காவிட்டால், 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனுக் கொடுத்து 30 நாளில் விடை கேட்கலாம்.

ஆகவே இங்கே கூடியிருக்கும் பெற்றோரிடம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே: அடுத்த குழுக் கூட்டத்திற்குச் செல்லுங்கள், புதிய பேச்சு தொடங்குமுன் சென்ற மாதத் தீர்மானத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், அதில் எது முடிந்தது, எது முடியவில்லை என்பது பதிவேட்டில் ஏறிய பிறகே கையெழுத்திடுங்கள்.