மக்கிய கட்டையில் முளைத்த கிண்ணங்கள்
(மழைக்கால உறுப்பினர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

பி பிளாக் பின்புறம் வெட்டிப் போட்ட கிளைகளில் சின்னச் சின்னக் கிண்ணங்கள் முளைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மருந்து அடிக்கலாமா, கட்டைகளையே அள்ளிவிடலாமா என்று வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாகப் பேச்சு. முதலில் அது என்னவென்று பார்த்துவிடுவோம்.

கிண்ணம்போல் இருப்பதெல்லாம் ஒரே இனம் அல்ல. குனிந்து உள்ளே பாருங்கள். பருப்பு மாதிரி குட்டி வில்லைகள் கிடந்தால் அது பறவைக்கூட்டுக் காளான். மழைத்துளி விழும் வேகத்தில் அந்த வில்லைகள் வெளியே தெறிக்கும். வித்துகள் அவற்றுக்குள்தான் இருக்கின்றன. இளசாக இருக்கும்போது கிண்ணத்துக்கு மூடி இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

உள்ளே ஒன்றுமில்லாமல் வழவழவென்று இருந்தால் உண்மையான கிண்ணக் காளானாக இருக்கலாம். இதன் வித்துகள் உட்பரப்பில் நுண்ணிய பைகளில் இருக்கும். ஒரு பைக்குப் பெரும்பாலும் 8. முற்றிய கிண்ணத்தின்மேல் மெல்ல ஊதினால் சில சமயம் புகைபோல எழும்பும். (ஆஸ்துமா உள்ளவர்கள் வேடிக்கை பார்த்தால் போதும்.) வெப்பமண்டலக் காடுகளில் விழுந்த கிளைகளில் வரும் குக்கீனா இந்த வகைதான், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நிறங்களில் அவ்வளவு அழகு!

காதுமடல்போலத் தொங்கி, தொட்டால் ரப்பர்போல இருப்பது மரக்காது. அது வேறு குடும்பம்.

10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வெளிப்புறத்தில் முடி உண்டா, காம்பு உண்டா என்று பாருங்கள். படம் எடுத்தால் மேலிருந்து மட்டும் எடுக்காமல் பக்கவாட்டிலும் எடுங்கள். அருகில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள், எந்த மரத்துக் கட்டை என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ளவற்றை மைக்ராஸ்கோப் இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. எதையும் வாயில் வைக்கக் கூடாது, பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள்.

வெட்டிய கிளையில் வருபவை செத்த மரத்தைத் தின்பவை. மருந்து தேவையில்லை. ஆனால் கார் நிறுத்துமிடத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் இப்படி ஏதாவது முளைத்தால் உடனே சொல்லுங்கள். அந்த இடத்தில் மரம் செத்திருக்கலாம், கிளை கார் மேல் விழலாம். வீட்டுக் கதவு நிலையிலோ குளியலறைச் சுவரிலோ முளைத்தால் பிளம்பரைக் கூப்பிடுங்கள், எங்கோ தண்ணீர் கசிகிறது.

கட்டைகள் இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும். நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டை மட்டும் நகர்த்தச் சொல்லியிருக்கிறேன்.