கத்தி ஒன்றுதான் வழியா?

(இரும்புலியூர் கூட்டத்தில் பேசியது)



"இரண்டு பெற்றாயிற்று, ஆபரேஷன் செய்துகொள்." குடும்பக் கட்டுப்பாடு என்றால் நம் பெண்களிடம் இதற்குமேல் யாரும் பேசுவதில்லை. சர்க்கார் 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கைப் பாருங்கள். நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். புருஷன் செய்துகொண்ட குடும்பங்களோ நாட்டில் ஆயிரத்துக்கு மூன்று!

ஆதியில் இப்படியில்லை. 1960களில் ஆண்களுக்கே அதிகம் செய்தார்கள். அவசரநிலையின்போது, 1976-77ல், ஏழைகளைப் பிடித்திழுத்து, ஒரே ஆண்டில் 80 லட்சம் பேருக்கு மேல் ஆபரேஷன் நடந்தது. 1977 தேர்தலில் ஜனங்கள் பதில் கொடுத்தார்கள். அதன்பின் சர்க்கார் கத்தியைக் கீழே போடவில்லை, பெண்கள் பக்கம் திருப்பிக்கொண்டது. 2014 நவம்பரில் சத்தீஸ்கர் பிலாஸ்பூர் அருகே, ஒரே முகாமில், ஒரே டாக்டர், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குச் செய்தார். அந்த வாரம் நடந்த முகாம்களில் 13 பெண்கள் மாண்டார்கள். இத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்தச் சொல்லி 2016ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது.

ஆபரேஷனே கூடாதென்று நாம் சொல்லவில்லை. போதுமென்று தானே தீர்மானித்தவளுக்கு அது நல்ல வழி. ஆனால் மெப்ஸ் கம்பெனிக்குப் போகும் புதுமணப் பெண்ணுக்கு? அவளுக்கு நிரோத் உண்டு, மாலா-என் மாத்திரை உண்டு, சாயா மாத்திரை உண்டு. கைக்குழந்தைக்காரிக்குக் கதை வேறு. பால் கொடுக்கும்போது முதல் ஆறு மாதம் மாலா-என் ஆகாது; சாயா ஆகும். பிரசவமான 48 மணி நேரத்துக்குள் காப்பர்-டி போடலாம். வகைக்கேற்ப 5 அல்லது 10 ஆண்டு இருக்கும், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். ஆனால் அவளைக் கேட்காமல் போட எவருக்கும் அதிகாரமில்லை! மூன்று மாதத்துக்கொரு தரம் போடும் அந்தரா ஊசியை நிறுத்தினால் மறுபடி கரு நிற்கப் பல மாதமாகலாம். இதை முன்கூட்டியே சொல்லவேண்டும். நாற்பது வயதில் ரத்தக் கொதிப்பு உள்ளவளுக்கு மாலா-என் ஆபத்து. ஆகவே ரத்த அழுத்தம் பார்க்காமல் மாத்திரை அட்டையை நீட்டக்கூடாது.

ஆண் தோழர்களே, உங்களுக்குள்ள ஆபரேஷன் சில நிமிட வேலை, வயிற்றைத் திறப்பதில்லை. தெம்பு குறையும், மூட்டை தூக்க முடியாது என்பதெல்லாம் வீண் பேச்சு. மூன்று மாதம் நிரோத் உபயோகித்து, பிறகு பரிசோதித்துக்கொண்டால் போதும்.

ஆலையில் வேலை செய்யும் பெண் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டால் சட்டப்படி இரண்டு வாரம் சம்பளத்தோடு லீவு உண்டு. கேட்டு வாங்குங்கள். நாற்று நடுகிறவளுக்கு அந்த லீவு இல்லை. படுத்தால் கூலி போச்சு. அவளுக்கும் அந்த இரண்டு வாரக் கூலியை சர்க்கார் கொடுக்கவேண்டும். ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்காக சுகாதார நிலையம் சாயங்காலமும் திறந்திருக்கவேண்டும். இவ்விரண்டு கோரிக்கைக்கும் இன்று கையெழுத்து வாங்குகிறோம், ஆண்களும் போடுங்கள்.